லக்ஷுரி காருக்கு கியர்பாக்ஸ் ஆயில்: கம்பெனி ஆயிலா, வெளி ஆயிலா? முழுமையான வழிகாட்டி

பிஎம்டபிள்யூ 5 சீரிஸ், பென்ஸ் இ கிளாஸ், ஆடி ஏ6 என்று செகண்ட் ஹேண்டில் வாங்கி ஓட்டுகிறவர்கள் இப்போது நம் ஊரில் நிறைய. வாங்கிக் கொஞ்ச நாளில் எல்லோருக்கும் ஒரே குழப்பம் வருகிறது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டால் "கியர்பாக்ஸ் ஆயில் லைஃப்டைம் சார், மாத்தவே வேண்டாம்" என்கிறார்கள். வெளி கராஜில் கேட்டால் "நம்மகிட்ட நல்ல ஏடிஎஃப் இருக்கு, எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் அதுதான் போடுறோம்" என்கிறார்கள் (ஏடிஎஃப் என்றால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயில்). இரண்டு பதிலையும் நம்பி உட்கார வேண்டாம். முதல் பதில் கியர்பாக்ஸை மெதுவாகக் கெடுக்கும், இரண்டாவது சீக்கிரம் கெடுக்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேனில் கார் கம்பெனி லோகோ இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் கியர்பாக்ஸுக்கு எந்த ஸ்பெக் எண் (ஆயிலின் தரத்தைக் குறிக்கும் எண்) சொல்லப்பட்டிருக்கிறதோ, அந்த எண்ணுக்கு அந்த ஆயில் முறைப்படி அப்ரூவல் வாங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வாங்கியிருந்தால் வெளிக் கம்பெனி ஆயிலும் தாராளமாகப் போடலாம். வாங்கவில்லை என்றால் எவ்வளவு பெரிய பிராண்டாக இருந்தாலும் லக்ஷுரி காரின் கியர்பாக்ஸில் நான் ஊற்றமாட்டேன். இந்த ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்வதற்குத்தான் கீழே உள்ள படிகள்.

படி 1: உள்ளே இருக்கும் கியர்பாக்ஸ் எது என்று கண்டுபிடியுங்கள்

பேட்ஜில் பிஎம்டபிள்யூ என்று இருந்தாலும் கியர்பாக்ஸைச் செய்தது பெரும்பாலும் இசட்எஃப் என்ற ஜெர்மன் கம்பெனி. அவர்களுடைய 8எச்பி என்ற எட்டு கியர் ஆட்டோமேட்டிக் 2009-இல் பிஎம்டபிள்யூ 760எல்ஐ-யில் வந்தது. பிறகு 3 சீரிஸ், 5 சீரிஸ், எக்ஸ்5 எல்லாவற்றிலும் புகுந்தது. ஜாகுவார், லேண்ட் ரோவர், ஆடியின் டிப்ட்ரானிக் எட்டு கியர் மாடல்கள் பலவற்றிலும் இதே குடும்பம்தான். மெர்சிடிஸ் தன் கியர்பாக்ஸைத் தானே செய்கிறது: ஐந்து கியருக்கு 722.6, ஏழு கியருக்கு 722.9, ஒன்பது கியருக்கு 725.0. லெக்ஸஸ், வால்வோ ஆட்டோமேட்டிக்குகளில் பெரும்பாலானவை ஐசின் என்ற ஜப்பான் கம்பெனியின் கியர்பாக்ஸ்.

ஆடியில்தான் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஒரே ஏ4, ஏ6 பெயரில் வருடத்தையும் இன்ஜினையும் பொறுத்து மல்டிட்ரானிக் என்ற சிவிடி (தனித்தனிக் கியர் இல்லாமல் செயினும் புல்லியும் வைத்து ஓடுவது) இருக்கலாம், எஸ்-ட்ரானிக் என்ற டபுள் கிளட்ச் இருக்கலாம், சாதாரண டார்க் கன்வர்ட்டர் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள டிப்ட்ரானிக்கும் இருக்கலாம். மூன்றுக்கும் ஆயில் வேறு வேறு. இன்னொரு சிக்கலும் உண்டு. டிஎல்501 என்ற ஏழு கியர் எஸ்-ட்ரானிக்கில் கிளட்ச் பக்கத்துக்கு ஒரு ஆயில், கியர் பக்கத்துக்குத் தனியாக இன்னொரு ஆயில். இது தெரியாத மெக்கானிக் ஒரே ஆயிலை இரண்டு பக்கமும் ஊற்றினால் அதோடு கதை முடிந்தது.

சேசிஸ் நம்பரைக் கொடுத்தால் கம்பெனி பார்ட்ஸ் கவுண்டரிலோ ஆன்லைன் பார்ட்ஸ் கேட்டலாகிலோ கியர்பாக்ஸ் கோடு கிடைத்துவிடும். அதைவிட நம்பகமானது, வண்டி லிஃப்டில் ஏறும்போது கியர்பாக்ஸ் உடம்பில் இருக்கும் டைப் பிளேட்டை போட்டோ எடுப்பது. செகண்ட் ஹேண்ட் வண்டியில் கியர்பாக்ஸே மாற்றப்பட்டிருக்கலாம், கேட்டலாகுக்கு அது தெரியாது.

படி 2: அந்த கியர்பாக்ஸின் ஸ்பெக் எண்ணை எழுதி வையுங்கள்

8எச்பி என்றால் இசட்எஃப் சொல்வது லைஃப்கார்டு ஃப்ளூயிட் 8. ஒரு லிட்டர் கேனில் இருக்கும் பார்ட் நம்பர் எஸ்671 090 312. இதையே பிஎம்டபிள்யூ தன் டப்பாவில் ஏடிஎஃப் 3+ என்று விற்கிறது. அதற்கு முந்தைய ஆறு கியர் 6எச்பி-க்கு லைஃப்கார்டு 6. பெயர் ஒரே மாதிரி இருக்கிறதே என்று 6-க்கானதை 8-இல் ஊற்றக்கூடாது.

மெர்சிடிஸில் எம்பி 236 என்று தொடங்கும் எண்ணைப் பாருங்கள். ஆரம்பகால 722.9-க்கு எம்பி 236.14, சிவப்பு நிற ஆயில். அதன் பிந்தைய வடிவமான 7ஜி-ட்ரானிக் பிளஸுக்கு எம்பி 236.15, நீல நிறம், இன்னும் நீர்த்த ஆயில். ஒன்பது கியருக்கு எம்பி 236.17. புதிய எண் என்றால் பழையதற்கும் பொருந்தும் என்று இன்ஜின் ஆயில் பழக்கத்தில் நிறையப் பேர் நினைக்கிறார்கள். இங்கே அது செல்லாது. சிவப்பு ஆயிலுக்காகச் செய்த 722.9-இல் நீல ஆயிலை ஊற்றக்கூடாது, நீலத்துக்கானதில் சிவப்பும் கூடாது.

ஃபோக்ஸ்வாகன் குழுமத்தில் (ஆடியும் இதில்தான்) 'ஜி' என்று தொடங்கும் எண்கள். ஈரக் கிளட்ச் (ஆயிலில் நனைந்து ஓடும் கிளட்ச்) ஆறு கியர் டிஎஸ்ஜி-க்கு, அதாவது ஃபோக்ஸ்வாகனின் டபுள் கிளட்ச் கியர்பாக்ஸுக்கு, ஜி 052 182. அதன் ஆயில் மாற்றும் கெடுவும் 60,000 கிலோமீட்டர் என்று கம்பெனியே சொல்லியிருக்கிறது, அங்கே லைஃப்டைம் வாதம் எழவே எழாது.

நிறத்தைப் பார்த்து ஆயிலைத் தேர்ந்தெடுக்கலாமா என்றால், கூடாது. நிறம் வெறும் சாயம். கேனில் அச்சிட்ட எண் மட்டும்தான் பேச்சு.

படி 3: லைஃப்டைம் என்றால் எத்தனை நாள்?

கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப் தன் ஆட்டோமேட்டிக்குகளுக்கு 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு வருடத்துக்குள், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்றச் சொல்கிறது. அதை வாங்கிக் காரில் பொருத்துகிற கம்பெனி லைஃப்டைம் என்கிறது. இரண்டில் யார் பேச்சைக் கேட்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, பொருளைச் செய்தவர் பேச்சைத்தான். மெர்சிடிஸும் 722.6-க்கு முதலில் லைஃப்டைம் என்று சொல்லிவிட்டு, பிற்பாடு 60,000 கிலோமீட்டரில் மாற்றச் சொன்னது.

வேகமாக ஓட்டினாலும், பாரம் இழுத்தாலும், சூடு ஏறினாலும் ஆயில் சீக்கிரம் தேயும். சென்னை மே மாத வெயிலில் ஓஎம்ஆர் சிக்னல்களில் ஊர்ந்து ஊர்ந்து போகிற வண்டிக்கு 80,000 என்ற கீழ்க் கணக்கைத்தான் நான் எடுப்பேன்.

படி 4: இந்த ஆயில் ஏன் இவ்வளவு பிகு பண்ணுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

இதைப் புரிந்துகொள்ளாமல் விட்டால் "ஆயில் ஆயில்தானே" என்ற பேச்சுக்கு நம்மால் பதில் சொல்ல முடியாது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயில் மசகு மட்டும் இல்லை. வால்வுகளைத் தள்ளும் அழுத்தமும் அதுதான், சூட்டை எடுத்துக்கொண்டு கூலருக்குப் போவதும் அதுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, கிளட்ச் பிளேட்டுகள் எவ்வளவு பிடிக்க வேண்டும், எவ்வளவு நழுவ வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதும் அதே ஆயில்தான்.

8எச்பி-க்குள் நான்கு பிளானட்டரி கியர் செட், அவற்றைப் பிடித்தும் விட்டும் கியர் மாற்ற ஐந்து கிளட்ச்-பிரேக் உறுப்புகள். எந்தக் கியரிலும் இவற்றில் இரண்டு மட்டுமே திறந்திருக்கும். கியர் மாறும்போது ஒன்று விட, இன்னொன்று பிடிக்க வேண்டும், எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில். எந்த அழுத்தம் கொடுத்தால் எவ்வளவு பிடிக்கும் என்ற கணக்கு கம்ப்யூட்டரில் எழுதப்பட்டிருக்கிறது, அது ஒரு குறிப்பிட்ட ஆயிலை வைத்து எழுதிய கணக்கு. அதைவிடப் பிடிப்பு கூடின ஆயில் போனால் கியர் விழும்போது இடிக்கும், குறைந்தது போனால் பிளேட் நழுவிக் கருகும். கம்ப்யூட்டர் ஒரு எல்லை வரை தன்னைச் சரிசெய்துகொள்ளும், அதனால்தான் தப்பான ஆயில் போட்ட வண்டி முதல் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு "சூப்பரா ஓடுது" என்று பெயர் வாங்கிவிடுகிறது.

முதலில் காட்டிக்கொடுப்பது டார்க் கன்வர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச். இப்போதைய கியர்பாக்ஸ்களில் அது முழுக்கப் பூட்டிக்கொள்ளாமல், அதிர்வைக் குறைப்பதற்காகக் கொஞ்சம் நழுவியபடியே ஓடும். நழுவும் வேகம் கூடக்கூட உராய்வும் மெல்லக் கூட வேண்டும், அப்போதுதான் அது வழுவழுவென்று இருக்கும். ஆயில் பழசாகி அதிலுள்ள உராய்வுச் சேர்மானம் தேய்ந்துவிட்டால், அல்லது முதலிலேயே அந்தச் சேர்மானம் இல்லாத ஆயில் என்றால், இது தலைகீழாகும்: ஒட்டும், விடும், ஒட்டும், விடும். அறுபது எழுபதில் லேசாக ஆக்ஸிலரேட்டரை மிதித்து ஏறும்போது, ரம்பிள் ஸ்ட்ரிப் மேல் போன மாதிரி ஒரு நடுக்கம் சீட்டில் தெரியும். டயர் பேலன்ஸ், இன்ஜின் மவுண்ட் என்று பணம் செலவழித்துவிட்டுக் கடைசியில் கியர்பாக்ஸுக்கு வருபவர்கள் நிறைய.

ஆயிலின் கெட்டித்தன்மையும் முக்கியம். ஒரு காலத்தில் எல்லா ஆட்டோமேட்டிக்கிலும் ஊற்றிய டெக்ஸ்ரான் 3 வகை ஆயில் இன்றைய ஆயில்களைவிடக் கெட்டி. ஜெனரல் மோட்டார்ஸே 2005-இல் டெக்ஸ்ரான் 6-க்கு மாறி, பிறகு பழைய 3-க்கு லைசென்ஸ் கொடுப்பதை நிறுத்திவிட்டது. அதே பெயரைக் கேனில் போட்டுக்கொண்டு இன்னும் கடைகளில் ஆயில் விற்கிறார்கள்.

படி 5: கேனைத் திருப்பிப் படியுங்கள்

எல்லாம் இங்கேதான் முடிவாகிறது. முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் உண்மை. பின்பக்கத்தில் ஒரே எண்ணை மூன்று நான்கு விதமாக எழுதுவார்கள், ஒவ்வொன்றுக்கும் எடை வேறு.

"எம்பி-அப்ரூவல் 236.14" என்று இருந்தால், அந்த ஆயிலை மெர்சிடிஸுக்கு அனுப்பி, அவர்கள் சோதித்து, அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மெர்சிடிஸ் தன் பட்டியலை இணையத்தில் பகிரங்கமாக வைத்திருக்கிறது, கேனில் இருக்கும் பெயரை எழுத்துக்கு எழுத்து அங்கே தேடிப் பார்க்கலாம். ஃபூக்ஸ் டைட்டன் ஏடிஎஃப் 4134, மொபில் ஏடிஎஃப் 134 போன்றவை இப்படி அப்ரூவலோடு வந்த வெளி ஆயில்கள்தான்.

"மீட்ஸ்" என்று தொடங்கினால், அந்த ஸ்பெக்கின் தேவைகளை எட்டுகிறது என்று ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்கிறது. சோதனை நடந்திருக்கலாம், நடக்காமலும் இருக்கலாம், கார் கம்பெனி கையெழுத்து மட்டும் அதில் கிடையாது. "சூட்டபிள் ஃபார்", "ரெக்கமெண்டட் ஃபார்" என்பவை இன்னும் ஒரு படி கீழே: இந்த ஆயில் உங்கள் வண்டிக்குப் பொருந்தும் என்பது எங்கள் கருத்து, அவ்வளவுதான். நேர்மையான கம்பெனிகள் அப்ரூவல் பட்டியலையும் தங்கள் சொந்தப் பரிந்துரைப் பட்டியலையும் ஒரே லேபிளில் தனித்தனித் தலைப்பில் அச்சிடும். அப்படிப் பிரித்து எழுதியிருக்கும் கேனைப் பார்த்தால் எனக்கு அந்தக் கம்பெனி மேல் மரியாதைதான் வரும். டெக்ஸ்ரான், மெர்கான், டொயோட்டா, ஹோண்டா, பென்ஸ், பிஎம்டபிள்யூ என்று முப்பது ஸ்பெக்கை ஒரே மூச்சில் அடுக்கியிருக்கும் "மல்டி வெஹிக்கிள்" கேனைப் பார்த்தால் அதைத் திரும்ப ஷெல்ஃபில் வைத்துவிடுங்கள். ஒன்றுக்கொன்று ஒத்துவராத ஸ்பெக்குகள் ஒரே ஆயிலில் எப்படி முழுமையாகப் பொருந்தும்?

படி 6: இப்போது முடிவெடுங்கள்

மெர்சிடிஸ் என்றால் வழி சுலபம். அப்ரூவல் உள்ள வெளி ஆயிலை வாங்குங்கள், காசு மிச்சம், தரத்தில் குறை இல்லை. டீலர் கேனுக்குள் இருப்பதும் ஒரு ஆயில் கம்பெனி செய்து கொடுத்ததுதான், மெர்சிடிஸ் தானே ஆயில் காய்ச்சுவதில்லை.

8எச்பி வண்டிக்கு நான் லைஃப்கார்டு 8 அல்லது கார் கம்பெனியின் சொந்த ஆயிலைத்தான் சொல்வேன், ஏனென்றால் இசட்எஃப் தன் ஆயிலைத்தான் குறிப்பிட்டுச் சொல்கிறது. இங்கே ஒரு இடைவழி உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. பிஎம்டபிள்யூ டப்பாவுக்குப் பதில் இசட்எஃப் டப்பாவையே வாங்குவது. இசட்எஃப் ஆயில், ஃபில்டரோடு சேர்ந்த பான் (கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி), போல்ட், சீல் எல்லாம் சேர்த்து ஒரே கிட்டாக விற்கிறது. கார் கம்பெனி பார்வையில் இது வெளிப் பொருள், ஆனால் கியர்பாக்ஸ் பார்வையில் இதுதான் ஒரிஜினல். 8எச்பி-க்கென்றே நல்ல பெயருள்ள வெளிக் கம்பெனிகளும் தனி ஆயில் செய்கின்றன, வெளிநாட்டில் அதைப் போட்டு நன்றாக ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைத் தப்பென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏழு லிட்டருக்கு மிச்சமாகும் தொகையையும், மெக்காட்ரானிக் யூனிட் (வால்வுகளும் கம்ப்யூட்டரும் சேர்ந்த பகுதி) அல்லது கன்வர்ட்டர் போனால் வரும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது இல்லை என்று உங்களுக்கே தெரியும்.

ஆடியின் டபுள் கிளட்ச், சிவிடி இரண்டிலும் 'ஜி' எண் உள்ள கம்பெனி ஆயில்தான், இதில் பேச்சே இல்லை. சிவிடி-யில் செயினும் புல்லியும் உராய்வில்தான் சக்தியைக் கடத்துகின்றன, சாதாரண ஏடிஎஃப் அங்கே நேரடியாக நாசம்.

வண்டி வாரன்டியிலோ எக்ஸ்டெண்டட் வாரன்டியிலோ இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம், கம்பெனி ஆயிலைக் கம்பெனியிலேயே போட்டு பில் வாங்கிவிடுங்கள். நம் நாட்டில் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட்டில் 14 கார் கம்பெனிகளுக்கு எதிராகக் கொடுத்த உத்தரவில், வெளியே சர்வீஸ் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரன்டியையும் ரத்து செய்யக்கூடாது, வெளி வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்று சொன்னது. பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் இரண்டும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆனால் கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போய் வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. கியர்பாக்ஸ் கிளெய்மில் ஆயிலைத்தான் முதலில் கேட்பார்கள் என்பதால், அந்த உத்தரவை நம்பிப் பரிசோதனை செய்ய வேண்டாம்.

படி 7: டூப்ளிகேட்டில் ஏமாறாதீர்கள்

சரியான ஆயிலைத் தேர்ந்தெடுத்துவிட்டு டூப்ளிகேட் கேனை வாங்கினால் எல்லாம் வீண். அந்த பிராண்டின் அதிகாரப்பூர்வ டிஸ்ட்ரிபியூட்டர் யார் என்று பிராண்டின் தளத்திலேயே பார்த்து அங்கே வாங்குங்கள். எல்லாக் கேனிலும் பேட்ச் நம்பர் தெளிவாக இருக்க வேண்டும், மூடி வளையம் உடையாமல் இருக்க வேண்டும். லூஸில் அளந்து கொடுக்கும் ஆயில் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். மெக்கானிக்கே வாங்கி வந்தால் சீல் உடைப்பதை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள், நல்ல மெக்கானிக் இதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார்.

படி 8: மாற்றும் முறை, இங்கேதான் அதிகம் கெடுகிறது

சரியான ஆயிலைத் தப்பான அளவில் ஊற்றினாலும் கியர்பாக்ஸ் போகும். 8எச்பி-யில் டிப்ஸ்டிக் கிடையாது. அளவைச் சூட்டை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ஸ்கேனர் போட்டு ஃபால்ட் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே கியர் நழுவுகிற வண்டிக்குப் புது ஆயில் மருந்தாகாது, "ஆயில் மாத்தினதுக்கு அப்புறம்தான் கெட்டுச்சு" என்ற பேச்சு பெரும்பாலும் இப்படிப்பட்ட வண்டிகளிலிருந்துதான் கிளம்புகிறது. அப்புறம் வண்டியை லிஃப்டில் மட்டமாக ஏற்றி, பழைய ஆயிலை இறக்குவதற்கு முன் ஃபில் பிளக்கை (ஆயில் ஊற்றும் துளையின் மூடி) திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எல்லா ஆயிலையும் இறக்கிவிட்டு ஃபில் பிளக் இறுகிப்போய் வரவில்லை என்றால் வண்டி லிஃப்டை விட்டு இறங்காது.

பிஎம்டபிள்யூ 8எச்பி-களில் ஆயில் பான் பிளாஸ்டிக், ஃபில்டர் அதோடு ஒட்டியே வரும், அதனால் பானையே மாற்ற வேண்டும். அலுமினிய போல்ட்டுகள் ஒருமுறைப் பயன்பாட்டுக்கானவை, பழசையே திரும்ப முறுக்கினால் ஒடியும். பழைய பானைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் காந்தங்களைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை மாதிரி ஒட்டியிருந்தால் அது சாதாரணத் தேய்மானம். விரலில் தடவும்போது ஊசி ஊசியாகக் குத்தினாலோ, கண்ணுக்குத் தெரியும் உலோகச் சில்லுகள் இருந்தாலோ ஆயில் மாற்றத்தோடு நிற்காது. ஆயிலை முகர்ந்தும் பாருங்கள், கருகின வாடை வந்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது.

புது ஆயிலை வழியும் வரை ஊற்றி, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி ஆர், டி என்று கியர்களை மெதுவாக மாற்றி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீண்டும் ஊற்ற வேண்டும். கியர்பாக்ஸ் ஆயில் சூட்டை ஸ்கேனரில் பார்த்துக்கொண்டே, சுமார் 40 டிகிரியை ஒட்டி, 50-ஐத் தாண்டுவதற்குள், ஃபில் துளையிலிருந்து நூல் மாதிரி லேசாக வழியும் நிலையில் பிளக்கை மூட வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டு அளவு பார்த்தாலோ, சூடான வண்டியில் பார்த்தாலோ அளவு தப்பும். நம் ஊர் வெயிலில் வண்டி ஓடி வந்த உடனே இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. முந்தின நாள் இரவே விட்டுவிட்டுக் காலையில் முதல் வேலையாகச் செய்யச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் ஸ்கேனர் இல்லாமல் "கையால தொட்டுப் பார்த்தே சொல்லிடுவேன்" என்கிற கராஜிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஒருமுறை பானைக் கழற்றினால் மொத்த ஆயிலும் வராது, கன்வர்ட்டருக்குள்ளும் கூலர் லைனிலும் கணிசமான பங்கு தங்கிவிடும். அதற்காக மெஷின் வைத்து அழுத்தத்தில் ஃப்ளஷ் செய்வதை, பல வருடம் மாற்றாத வண்டிக்கு நான் சொல்லமாட்டேன். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு முறை இறக்கி ஊற்றுவது மெதுவான வழி, பாதுகாப்பான வழி.

722.6 பென்ஸ் வைத்திருப்பவர்கள் இதே சமயத்தில் கியர்பாக்ஸ் பக்கவாட்டில் இருக்கும் வயர் கனெக்டரையும் மாற்றிவிடுங்கள். அதன் ஓ-ரிங் காய்ந்தால் ஆயில் வயருக்குள்ளேயே ஏறி கண்ட்ரோல் யூனிட் வரை போய்விடும். பாகம் மலிவு, அது கெடுப்பது மலிவு இல்லை.

படி 9: மாற்றிய பிறகு

கம்ப்யூட்டர் பழைய ஆயிலோடு பழகி வைத்திருக்கும் அடாப்டேஷன் கணக்கை ரீசெட் செய்ய வேண்டுமா என்பது வண்டியின் நிலையைப் பொறுத்தது. பிஎம்டபிள்யூவில் இஸ்டா, பென்ஸில் எக்ஸென்ட்ரி போன்ற கம்பெனி மென்பொருளில் செய்யலாம். ரீசெட் செய்தால் கொஞ்ச நாள் கியர் விழுவது முன்னே பின்னே இருக்கும், பயப்படாமல் எல்லாக் கியரும் வருகிற மாதிரி நிதானமாக ஓட்டுங்கள். அதிக ஓட்டம் ஓடிய வண்டியில் ரீசெட் செய்யாமல் விட்டு, தானாகவே சரிசெய்துகொள்கிறதா என்று முதலில் பார்ப்பது என் பழக்கம்.

இரண்டு மூன்று நாள் கழித்துப் பானின் விளிம்பையும் பிளக்குகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள், ஈரம் தெரிந்தால் உடனே திரும்பக் கொண்டுபோங்கள். பில்லில் "கியர் ஆயில் 7 லிட்டர்" என்று மொட்டையாக எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிராண்ட், ஸ்பெக் எண், பேட்ச் நம்பர், ஓடிய கிலோமீட்டர் நான்கும் இருக்க வேண்டும். காலி கேன்களின் பின்பக்க லேபிளையும் போட்டோ எடுத்து பில்லோடு வைத்துவிடுங்கள், அடுத்த முறை மாற்றும்போதும் வண்டியை விற்கும்போதும் அதைத்தான் கேட்பார்கள்.